களத்தில் வரைந்த இரண்டு படகுகள்

போன மாசி மாதம் எங்கள் நெல் காயவைக்கும் களத்தில் இரண்டு பாய்மரப் படகுகள் நின்றன. ஒன்று முப்பத்திரண்டு அடி, மற்றொன்று முப்பத்தைந்து அடி. இரண்டும் வெறும் சுண்ணாம்புக் கோடுதான். வரைந்தவள் நான். பாபநாசத்துக்குப் பக்கத்தில், நாலு திசையிலும் உளுந்து வயல் பச்சையாகக் கிடக்கிற ஊரில், அறுபது வயதுக்காரி ஒருத்தி நூல் பிடித்துப் படகு வரைந்தால் ஊர் என்ன சொல்லும்? சொல்லத்தான் சொன்னது. எனக்கு மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு.

என் வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் அதுதான் பிழைப்பு. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. அந்த மூன்று மாதத்திலும் பாதி நாள் பரீட்சை, சான்றிதழ் என்று சென்னைக்குப் போய்விடுவார். ஒரு வேலி நிலத்தையும், ஒரே மகளையும், அவருடைய அப்பா அம்மாவின் கடைசிக் காலத்தையும் பார்த்துக்கொண்டவள் நான். சொல்லிக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்லிக்காட்டத்தான் சொல்கிறேன்.

ஓய்வு பெற்று அவர் ஒரேயடியாக வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீடு பெரிது. மேலும் கீழுமாக ஒன்பது அறைகள். அவர் மாடியில் இருப்பார், நான் கீழே இருப்பேன். கூப்பிட்டால் இறங்கி வந்து சாப்பிடுவார். "ரொம்ப நல்லா இருந்துது" என்பார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படியேறிப் போய்விடுவார். லாட்ஜில் தங்கியிருப்பவர்கூட அவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ள மாட்டார். நான் வயலிலிருந்து வந்தால் எழுந்து நிற்பார். எங்களுக்குள் ஒரு சண்டைகூட வரவில்லை, எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கல்யாணமான புதிதில் பிரிந்துபோன இருவர் வயதான பிறகு ஒரே வீட்டில் வந்து குடியிருக்கிற மாதிரி இருந்தது.

தை அறுவடை முடிந்து நெல் ஏற்றி அனுப்பிய மறுநாள் அவர் கையில் டேப்லெட்டோடு இறங்கி வந்தார். "ஏம்மா, ஒண்ணு காட்டணும்" என்றார். மலேசியாவின் மேற்குக் கரையில் ஒரு படகுத்துறை. அங்கே இரண்டு பழைய பாய்மரப் படகுகள் விலைக்கு இருக்கின்றன. இரண்டுமே குடும்பமாகத் தங்கிக்கொண்டு கடலில் நிதானமாகப் போவதற்கென்று கட்டியவை. எங்கள் கல்யாணத்துக்குச் சில வருஷம் முன்பின்னாகப் பிறந்தவை. அதில் ஒன்றை வாங்கி, வருஷத்தில் மூன்று மாதம் தாய்லாந்துத் தீவுகள் பக்கம் துறை துறையாகப் போய் வரவேண்டும் என்று அவருக்கு ஆசை.

"போய்ட்டு வாங்க. உங்களுக்கென்ன புதுசா?" என்றேன்.

"நீயும் வரணும். நீ வரலன்னா வாங்கவே வேணாம். தனியாப் போயிப் போயி எனக்கு அலுத்துப்போச்சு."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேச்சை மாற்றி, "உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டேன்.

தெரியாது. ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் முப்பது வருஷம் கடலிலேயே கிடந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது. நானோ குடமுருட்டியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் பாவாடையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு நீந்தி வளர்ந்தவள். "அப்போ நான் வந்துதான் ஆகணும். விழுந்தா யாரு தூக்குறது?" என்றேன். சிரித்துவிட்டார். மாடியிலிருந்து இறங்கி வந்து அவர் சிரித்தது அந்த ஒரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

நிலத்தை யார் பார்ப்பது என்று நான் கேட்பேன் என்று தெரிந்து பதிலோடுதான் வந்திருந்தார். சம்பா அறுத்தாகிவிட்டது. அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்து முளைத்து நிற்கிறது, அதற்குப் பெரிய வேலை கிடையாது. பிடுங்குவதைப் பக்கத்து வயல்காரர் பார்த்துக்கொள்வார். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வர எப்படியும் ஆனி ஆகும். தையிலிருந்து சித்திரை வரைதான் அந்தக் கடலும் அமைதி, காற்றும் நல்ல காற்று. "வைகாசி கடைசியில வந்துட்டா குறுவைக்கு நாத்து விட்டுடலாம்ல?" என்றார். வயலுக்கு வந்தால் செருப்பைக் கழற்றத் தெரியாத மனிதர், என் நிலத்தின் பருவங்களை இப்படி விரல்விட்டுச் சொன்னார்.

படகுகளை நேரில் பார்க்க எங்களால் போக முடியவில்லை. அதற்கு ஒரு கூத்தாநல்லூர்க்காரர் கிடைத்தார். என் வீட்டுக்காரரோடு ஒரே கப்பலில் வேலை பார்த்தவர், இப்போது மலேசியாவில் மகனோடு இருக்கிறார். அவருடைய சொந்தபந்தம் பாதி அங்கேதான். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், நான் அண்ணே என்பேன். அவர் படகுத்துறைக்குப் போய் இரண்டு படகுகளையும் உள்ளும் புறமும் வீடியோ எடுத்து அனுப்பினார். எடுத்துக்கொண்டே பேசுவார். பாதியில் யாராவது தெரிந்தவர் வந்துவிட்டால் நலம் விசாரிப்பதும் அதிலேயே பதிவாகியிருக்கும்.

ஒன்று நீலப் படகு. இங்கிலாந்தில் கட்டியது. நீளம் முப்பத்திரண்டு அடி, அகலம் ஒன்பதேகால் அடி. தண்ணீருக்கு மேலே பார்த்தால் ஒடிசலாக, பதவிசாக இருக்கும். கரையேற்றி வைத்திருக்கிற படத்தில் பார்த்தால்தான் அதன் சங்கதி தெரியும். வயிற்றுக்குக் கீழே மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரே நீளமாக ஓடுகிறது அடிக்கட்டை. அதற்குள் டன் கணக்கில் ஈயம். அந்தக் கட்டையின் முதுகோடு முதுகாக ஒட்டியிருக்கிறது சுக்கான், அதனால் வலையும் கயிறும் அதில் லேசில் சிக்காது. பாயை இழுத்துக் கட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டால் அது பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். திருப்புவது சிரமம். பின்னால் நகர்த்துவது அதைவிடச் சிரமம்.

"பிடிவாதக்காரி" என்றார். சொன்ன தொனியில் குறையே இல்லை.

இன்னொன்று வெள்ளைப் படகு, பிரான்சில் கட்டியது. நீளம் முப்பத்தைந்து அடி, அகலம் பதினொன்றரை அடி. அதன் வயிறு தட்டை. நடுவில் மட்டும் மீனின் துடுப்புபோல ஒரு கட்டையை போல்ட் போட்டு இறக்கியிருந்தார்கள். சுக்கான் தனியாகப் பின்னால் தொங்கியது. நினைத்த பக்கம் சட்டென்று திரும்பும், லேசான காற்றுக்கே ஓடும், நெருக்கமான துறையில்கூட அலுங்காமல் கொண்டுபோய் நிறுத்தலாம். உள்ளே இரண்டு படுக்கை அறை, நின்று குளிக்க பாத்ரூம், சமைக்க மூலை திரும்பிய மேடை, மேலே கண்ணாடி வழியாக வெளிச்சம். வீடுதான். கட்டியவர் குடும்பம் நடத்தத் தெரிந்தவர் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

இரண்டில் எதையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுப்பு என்னை அசத்திவிட்டது. இரண்டு படகிலுமே அடுப்பை இரண்டு பக்கமும் முளையில் தொங்கவிட்டிருந்தார்கள். படகு எவ்வளவு சாய்ந்தாலும் அடுப்பு சாயாமல் நிற்கும். அண்ணன் அதை விரலால் தள்ளிக் காட்டினார். மேலே இருந்த டீக் கோப்பை தளும்பவே இல்லை. அலமாரித் தட்டு ஒவ்வொன்றுக்கும் விளிம்பில் ஒரு சின்ன வரப்பு, சாமான் உருண்டு விழாமலிருக்க. படுக்கைக்குப் பக்கத்தில் துணியால் ஒரு தடுப்பு, ஆள் உருண்டு விழாமலிருக்க. நீலப் படகின் உள்கூரையில் கைப்பிடிக்கென்று நீளமாக ஒரு மரச்சட்டம் ஓடியது. அத்தனை வருஷம் கைபட்டுக் கைபட்டு அது கண்ணாடியாக மின்னியது. அந்தச் சட்டத்தை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

நீலப் படகு வீடியோவில் இன்னொன்றும் இருந்தது. அதை விற்கிற வெள்ளைக்காரத் தம்பதி அதிலேயேதான் குடியிருந்தார்கள். இருவருக்கும் எழுபது தாண்டியிருக்கும். அண்ணன் அலமாரியை எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் அந்தக் கிழவர் வருகிறார், அந்த அம்மா கையில் கிண்ணத்தோடு எதிரே வருகிறார். கிழவர் அந்த அம்மாவின் இடுப்பில் கை வைத்து, ஒருக்களித்து, ஒட்டியபடி கடந்து போகிறார். இருவரும் பேச்சை நிறுத்தவில்லை, முகத்தைக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. மொத்தம் நாலு செகண்ட். அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று நான் இவரிடம் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுமுன் மனையில் நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். குடியிருக்கப் போகிறவர்கள் அந்தக் கோட்டுக்குள் இரண்டு மூன்று நாள் நடந்து பார்ப்பார்கள். அடுப்படி இங்கே, கட்டில் இங்கே, கதவைத் திறந்தால் வெயில் எந்தப் பக்கம் என்று வாழ்ந்து பார்த்துவிட்டுத்தான் அஸ்திவாரம் தோண்டுவது. இப்போதிருக்கும் வீட்டுக்குக் கோடு போட்டபோது நான் தனியாகத்தான் நடந்தேன். இவர் அப்போது பிரேசில் பக்கம் எங்கேயோ இருந்தார். போனில் கேட்டபோதெல்லாம் "பெருசா கட்டு, வசதியா இருக்கட்டும்" என்றார். நானும் பெரிதாகவே கட்டினேன்.

இந்தத் தடவையும் கோடு போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். நெல் போய்க் களம் காலியாகக் கிடந்தது. உளுந்து வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. இவர் கண் டாக்டரைப் பார்க்கத் தஞ்சாவூர் போயிருந்த நாளில் நூலும் சுண்ணாம்பும் பிரஷ்ஷுமாக இறங்கிவிட்டேன். விற்பனைக் காகிதத்தில் இருந்த நீளம், அகலம் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். மூக்குப் பக்கம் வளைப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. கோலம் போட்ட கை என்பதால் சமாளித்தேன்.

திரும்பி வந்தவர் களத்தோரம் நின்று வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்கு மருந்து விட்டிருந்தார்கள், அதனால் கண் கலங்கியிருந்தது என்று நினைத்துக்கொண்டேன். "நல்லா வரஞ்சிருக்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

நாலைந்து நாள் அந்தப் படகுகளில் குடியிருந்தேன். விளையாட்டாகத் தொடங்கியதுதான். காலையில் கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் வெள்ளைப் படகின் அடுப்படியில் வைத்துச் சமைப்பேன். மதியம் நீலப் படகில் பாய் விரித்துக் கண்ணயர்வேன். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் கடலில் விழுந்ததாகக் கணக்கு. நான் ஒரு தடவைகூட விழவில்லை. இவர் நாளைக்கு ஏழெட்டுத் தடவை விழுந்தார். உளுந்தில் களை பிடுங்க வந்த பெண்கள் முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் கேட்டு வந்தவர்கள் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, பின்பக்க ஏணி என்று நான் கோடு போட்டிருந்த இடத்தின் வழியாகவே உள்ளே வந்தார்கள். "எந்த வூடு பெரியம்மா நல்லா இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கே இன்னும் தெரியவில்லை என்றேன்.

உண்மையில் வெள்ளைப் படகு பக்கம்தான் மனது சாய்ந்திருந்தது. கையைக் காலை நீட்டலாம். மகள் வந்தால் தங்க அறை இருக்கிறது. இவரும் பேச்சில் வெள்ளையைத்தான் உயர்த்திக்கொண்டிருந்தார். ஆனால் நீலத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் கை தன்னையறியாமல் காற்றில் அதன் வயிற்றைத் தடவியது. கவனிக்காதவள் மாதிரி இருந்துகொண்டேன். முடிவெடுக்காமல் அவர் இழுத்தடிக்க, "நம்ம படகு தாராசுரம் கோயில் கல்தேர் மாதிரி ஆயிடும் போலிருக்கே. சக்கரம் குதிரை எல்லாம் இருக்கு, நகரத்தான் மாட்டேங்குது" என்றேன்.

அதற்கிடையில் நான் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தேன். நீலப் படகு வீடியோவில் ஒரு ஜன்னலுக்குக் கீழே மரத்தில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. எங்கே கசிகிறது என்று பார்த்துப் பார்த்து வரப்பைச் சுற்றியே வயதானவள் நான். நண்டு வளை உள்ளே எங்கே இருந்தாலும் வெளிப்பக்கத்து ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். "அண்ணே, அந்த ஜன்னல் மேல ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பாருங்க" என்றேன். ஊற்றினார். சரியாக அந்தக் கோட்டிலேயே இறங்கியது. "தங்கச்சி, நீங்க பாபநாசத்துல இருந்துக்கிட்டு இங்க உள்ள ஒழுக்கைப் பிடிக்கிறீங்களே!" என்று அவர் கூவினார். இவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. லாட்ஜ் மரியாதை அல்ல, வேறு மாதிரி.

அந்த உற்சாகத்தில்தான், "அப்படியே ஒரு டேப்பு எடுத்து உள்ளாற கால் வச்சு நடக்குற எடம் எவ்வளவுன்னு அளந்து சொல்லுங்கண்ணே" என்றேன். பக்கத்திலிருந்த இவர் எழுந்து மாடிக்குப் போனார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெள்ளைப் படகில் நாலடி. நீலப் படகில் இரண்டடி, சில இடத்தில் அதுவும் இல்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்பதேகால் அடி எங்கே போயிற்று? அண்ணன்தான் பொறுமையாகச் சொன்னார். காகிதத்தில் இருப்பது மேல்தளத்தின் அகலம். படகு கீழே போகப் போக உள்வாங்கிக் குறுகும். மிச்சமுள்ள இடத்தையும் உட்காரும் பலகை, அலமாரி, தண்ணீர்த் தொட்டி எடுத்துக்கொள்ளும். காலுக்கு மிஞ்சுவது இவ்வளவுதான். நான் செய்தது நிலத்துக்காரியின் தப்பு. நிலத்துக்கு நாலெல்லையைச் சொல்லிவிட்டால் உள்ளே இருப்பது அவ்வளவும் நிற்கிற மண்தானே? பத்திரத்தில் போட்ட எல்லைக்குள் பாதி இடத்தில் கால் வைக்க முடியாது என்றால் அதை நிலம் என்று யார் வாங்குவார்?

எனக்குக் கோபம் என் தப்பின் மேல் இல்லை. மாடிக்குப் போய், "உங்களுக்குத் தெரியுந்தானே?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துடுவியோன்னுதான். ரெண்டடி எடத்துல யாரு இருப்பான்னு வேணாம்னுடுவியோன்னு..."

"நாலு நாளா களத்துல நான் கூத்தா கட்டிக்கிட்டிருக்கேன்?"

நான் இறங்கி வந்து, வெயில் தாழ்ந்ததும் இரண்டு படகுக்குள்ளும் இன்னொரு கோடு போட்டேன், கால் வைக்கிற இடத்துக்கு மட்டும். வெள்ளையில் ஒரு நடைபாதை மாதிரி விழுந்தது. நீலத்தில் விழுந்தது ஒரு வரப்பு.

அசல் வரப்பேதான், அகலம்கூட அதேதான். நான் அதில் ஏறி நடந்து பார்த்தேன். போனேன், திரும்பினேன், குனிந்தேன், நிமிர்ந்தேன், கால் தானாகப் போயிற்று. முப்பது வருஷமாக மழையிலும் பனியிலும் வரப்பில் நடந்த கால். வெள்ளைப் படகின் நாலடியில் நடந்தபோதுதான் யோசித்தேன், படகு சாய்ந்தால் இங்கே ஆள் எதைப் பிடிப்பது, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய் விழ வேண்டியதுதான். நீலத்தில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தோள் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது, கை நீட்டினால் அந்த மின்னுகிற சட்டம் இருந்தது. கட்டியவர் இடம் போதாமல் குறுக்கியிருக்கிறார் என்று நினைத்தேனே, நான்தான் மக்கு. அவர் யோசித்துக் குறுக்கியிருக்கிறார். அந்த ஊர் பேர் தெரியாத மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

வரப்பில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. எதிரே சுமையோடு ஆள் வந்தால் வெறுங்கையோடு வருகிறவர்தான் வயலில் இறங்கி நிற்க வேண்டும். நிலத்துக்காரி, கூலிக்காரி என்பதெல்லாம் அதில் இல்லை. நாற்றுக்கட்டோடு ஒருத்தி எதிரே வந்தால் நான்தான் சேற்றில் இறங்குவேன். அவள் போன பிறகு ஏறுவேன். சின்ன வயதிலிருந்தே பழகிப்போனது, யோசிக்கவே வேண்டாம், கால் தானாக இறங்கிவிடும். அந்தச் சுண்ணாம்பு வரப்பில் நின்றுகொண்டு, எதிரே இவர் வந்தால் யார் இறங்குவது என்று எண்ணிப் பார்த்தேன். உடனே அந்த நாலு செகண்ட் நினைவுக்கு வந்தது. அந்தக் கிழவர் எங்கேயும் இறங்கவில்லை.

எனக்கு எது வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒன்பது அறையில் ஒருவர்மேல் ஒருவர் படாமல் ஒரு வருஷம் ஓட்டியாகிவிட்டது. அது போதும்.

மறுநாள் வியாழக்கிழமை. இவரை ஆச்சரியப்படுத்தலாம் என்று காலையில் நானே அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, நீலப் படகைப் பேசிடுங்க."

"என்ன தங்கச்சி, அவன் நேத்து ராத்திரியே வெள்ளையைப் பேசச் சொல்லிட்டானே. தங்கச்சிக்கு அதான் வசதின்னான்."

"பேசிட்டீங்களாண்ணே?"

"இன்னும் இல்ல. நாளைக்கு ஜும்மா முடிஞ்சு போலாம்னு இருந்தேன். ஆனா ஒண்ணு, நீலப் படகுக்காரங்க சனிக்கிழமை ஊருக்குக் கெளம்புறாங்க. வேற ஒரு ஜோடி வந்து பாத்துட்டுப் போயிருக்கு. இன்னிக்குள்ள சொன்னாத்தான் உண்டு."

"ஒரு மணி நேரம் குடுங்கண்ணே."

"நீங்க ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொல்லுங்க. அப்பதான் நான் பேசுவேன்" என்றார். நியாயமான மனிதர்.

இவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. உயர்த்த அவர் இருந்ததில்லை.

"பெருசா கட்டு, வசதியா இருக்கட்டும்னு போன்ல சொன்னீங்க, கட்டுனேன். இந்த வசதியில யாரு இருந்தா? நான் ஒருத்தி. இப்ப கடல்லயும் எனக்கு ஒரு வசதியா? என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"ஒனக்கு ஒரு கஷ்டமும் வேணாம்னுதான்..." அவர் குரல் தேய்ந்தது. "நான் இல்லாமலே நீ நெறைய பட்டுட்ட. எனக்குப் புடிச்சதுக்காக ஒன்னை அந்தச் சந்துக்குள்ள கொண்டுபோயி அடைக்க மனசு வரல."

இதற்கு மேல் எப்படிக் கோபப்படுவது? அழுகைதான் வந்தது. அடுப்படிக்குப் போய்க் காபி போட்டேன். இரண்டு டம்ளரோடு பின்கதவைத் திறந்துகொண்டு களத்துக்குப் போனேன். நீலப் படகின் ஏணி வழியாக ஏறி, வரப்பின் கோடிக்குப் போய், அடுப்படி மேடை இருக்க வேண்டிய இடத்தில் டம்ளர்களை வைத்தேன். "வாங்க இங்க" என்று கத்தினேன். உளுந்து வயலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

வந்தார். செருப்பைக் கழற்றினார். ஏணி வழியாகத்தான் ஏறினார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலை வெயிலில் அந்த இரண்டடிக் கோட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தேன். அவரும் வாங்கிக்கொள்ள நாலு அடி வைத்தார். நடுவில் எதிரும் புதிருமாக வந்துவிட்டோம். என் கையில் சுமை, அவர் வெறுங்கை.

அவர் கால் இறங்கியது.

இருபது வயதில் ஊரை விட்டுப் போன மனிதர். வரப்பில் செருப்போடு நடக்கிறவர். ஆனால் அது மட்டும் அவர் காலை விட்டுப் போகவில்லை. எனக்கு வழிவிட்டு, வலதுகாலைக் கோட்டுக்கு வெளியே எடுத்து வைத்து, ஒதுங்கி நின்றார். நீந்தத் தெரியாத மனிதர் நடுக்கடலில் இறங்கி நிற்கிறார், அதுவும் எனக்காக. எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு இடம் விடுவதாக நினைத்துக்கொண்டு, முப்பது வருஷமும் இறங்கியே நின்றிருக்கிறார். நானும் சுமையோடு கடந்து கடந்து போயிருக்கிறேன்.

இன்னொரு கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். காபி இருவர் மேலும் கொட்டியது.

"எறங்காதீங்க. இங்க எறங்க எடம் கெடையாது. ஒட்டிக்கிட்டுத்தான் போகணும்."

அவர் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு காலை எடுத்து உள்ளே வைத்தார். தயங்கித் தயங்கி என் இடுப்பில் கை வைத்து, ஒருக்களித்தார். அந்தக் கை வைத்த விதத்தில் தெரிந்துகொண்டேன், அந்த நாலு செகண்டை அவரும் பார்த்திருக்கிறார். எத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை. அப்படியே நின்றபடி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். "நீலம்ப்பா" என்றார். நான் போனைத் திருப்பி, "நீலம்ண்ணே" என்றேன்.

அவருக்கென்று எடுத்து வந்த காபிதான் கொட்டிவிட்டது. மேடையில் இருந்த மற்ற டம்ளரை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தேன். எனக்கு இன்னொன்று போட வீட்டுக்குப் போக வேண்டும், ஏணி அவருக்குப் பின்னால் இருந்தது. "வழி விடுங்க" என்றேன்.

அவர் இறங்கவில்லை.